எந்த ஊசி?

அந்தப் பேருந்து டிப்போவில் கோஷம் போடுகிறவர்கள் இடது கையைத்தான் தூக்குவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏன் என்று கேட்பதுண்டு; பழைய ஆட்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படாது. சங்கத் தலைவர் இடது கைக்காரர். பஸ்ஸை நிறுத்த, டீ கிளாஸை வாங்க, மேலாளரின் மேஜையைத் தட்ட, எதற்கும் முதலில் நீளுவது அவருடைய இடது கைதான். தலைவர் தூக்குகிற கையைத்தானே தொண்டனும் தூக்க வேண்டும்?

டிப்போவுக்கு எதிர்த்தெருவில், வீட்டின் முன்னறையில் கடை வைத்திருக்கும் தையல்காரிக்கு அவர் கணவனின் அண்ணன். வாய் நிறைய மாமா என்றுதான் கூப்பிடுவாள். நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமே இல்லை. அப்பா போன பிறகு படிப்பை விட்டுவிட்டு, பஸ் கழுவப் போய், தம்பியை ஆளாக்கியவர். ஒரே ஒரு குறை, ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தெரியாது. மைக் முன்னால் சொன்ன வார்த்தை என்றால் கேட்கவே வேண்டாம்.

தம்பியும் அதே டிப்போவில் டிரைவர். அவனுக்கு அங்கே நிதானம் என்று பெயர். அவன் வண்டியிலிருந்து இறங்கி நடந்து போன ஒரு கிழவர், அடுத்த நிறுத்தத்தில் நின்று அதே வண்டிக்குக் கைகாட்டியதாக ஒரு கதை உண்டு. நிதானத்துக்கு இரண்டு விஷயங்கள் சின்ன வயதிலிருந்தே கூட வந்தவை. ஒன்று மூச்சிழுப்பு. இன்னொன்று, அண்ணன் சொல்லே வேதம் என்ற நம்பிக்கை.

கொள்ளைநோய் வந்த முதல் வருஷமே அவனை ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தவனை ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவள் தையல்காரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இன்னொரு தடவை வந்துச்சுன்னா என்னால எதுவும் சொல்ல முடியாதும்மா. தடுப்பூசி வந்ததும் மொத ஆளாப் போட்டுக்கச் சொல்லுங்க." அந்த வார்த்தையை அவள் நெஞ்சில் குத்திவைத்துக்கொண்டுதான் அன்றிலிருந்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

தடுப்பூசியும் வந்தது. ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த சமாச்சாரம், வந்து இறங்கிய பிறகு ஆளுக்கொரு பேச்சானது. அவள் முதல் வாரமே போய்ப் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியவில்லை, அதோடு சரி. டிப்போவில் நடந்ததுதான் வேறு கதை. ஊசி போடாதவர்களுக்கு டூட்டி கிடையாது என்று நிர்வாகம் ஒரு நோட்டீஸை ஒட்டித் தொலைத்தது. கேட்டிருந்தால் தலைவரே முன்னால் நின்று கையை நீட்டியிருப்பார். கேட்காமல் மிரட்டினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நம்மளை ஒரு வார்த்தை கேட்டாங்களா? சோதனை பண்ண நாம என்ன எலியா?" என்று மைக்கில் முழங்கினார். நியாயமான கோபம்தான். ஆனால் அந்த வாரமே நிர்வாகம் நோட்டீஸைக் கிழித்துவிட்டது, 'எலி' மட்டும் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்றார் நாலு பிள்ளை பெற்ற கண்டக்டர். எலும்பு உருகிவிடும் என்றான் மெக்கானிக். அவனுக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும் என்பது அவன் மனைவிக்கு மட்டும் தெரியும். ஓய்வறையில் முகாம் போட்டு உட்கார்ந்த நர்ஸ், ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் ஈ ஓட்டினாள். நிதானமோ, மனைவி எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான் வைத்திருந்தான்.

"அண்ணன் சொல்லட்டும், போட்டுக்கிறேன்."

முகாம் முடிய ஒரே நாள் பாக்கி. மறுநாள் காலையில் சங்கக் கூட்டம், பத்திரிகைக்காரர்கள் வேறு வருகிறார்களாம். அதற்காகத் தலைவர் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார். தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்டு வைத்திருந்ததை அளவு பார்க்க சாயங்காலம் வந்து நின்றார். அவள் கோட்டை மாட்டிவிட்டு, தோளைச் சரிசெய்து, இடது கையின் மேல்பக்கத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

தலைவர் 'ஸ்ஸ்' என்று துள்ளினார்.

"ஊசி குத்திடுச்சா மாமா?" என்று அவள் கேட்டாள். குண்டூசியைத்தான் கேட்டாள்.

"ஊசியா? எந்த ஊசி? யார் சொன்னா உனக்கு?"

அவள் கையிலிருந்த குண்டூசி டப்பாவை அவரும் பார்த்தார், அவளும் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்த தலைவரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மாமா," என்றாள் அவள் மெதுவாக. "எப்ப போட்டீங்க?"

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்த பிறகு மனுஷர் கொட்டிவிட்டார். நேற்று ஊரின் அடுத்த கோடிக்குப் போய், தெரியாத ஆஸ்பத்திரியில், குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு போட்டாராம். எழுதாத கையை நீட்டுங்கள் என்று நர்ஸ் தெளிவாகச் சொல்லியும், கண்ணை மூடிக்கொண்டு பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டிவிட்டாராம். இப்போது பேனா பிடித்தாலும் வலிக்கிறதாம்.

"உங்க தம்பிகிட்ட மட்டும் சொல்லிடுங்க மாமா. அது போதும் எனக்கு."

"அவன்கிட்டயா? அவன் வாயில ஏதாவது நிக்குமா? பொழுது விடியறதுக்குள்ள டிப்போ முழுக்கத் தெரிஞ்சிடும்."

"அப்ப நீங்களே மேடையில சொல்லிடுங்க."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டும்மா சொல்றது? எலின்னு சொன்னவன் நானு." அவர் எழுந்து கோட்டை ஜாக்கிரதையாகக் கழற்றினார். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். பக்குவமாச் சொல்றேன்."

கொஞ்ச நாளில் ஐஸ் பெட்டி வேறு ஊருக்குப் போயிருக்கும். அவருக்கு ஊசி இருக்கிறது. தம்பிக்கு இழுப்பு இருக்கிறது. அவளுக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்த சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

கணவன் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்னைப் போட்டுக்க வைக்கணும்னு எங்க அண்ணன் மேலயே பழி போடுறியா? எனக்கு ஒண்ணு சொல்லிட்டு அவர் ஒண்ணு செய்யற ஆளா?"

"அவர் வாயாலதான் சொன்னார்."

"அப்ப என்கிட்டயும் அவர் வாயாலயே சொல்லட்டும்."

அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து கோட்டை எடுத்தாள். கைச் சுற்றளவை அவர் உடம்புக்குத் தகுந்த மாதிரி விடுவதுதான் முறை. தொழிலில் இதுவரை அவள் முறை தவறியதில்லை. அன்றைக்குத் தவறினாள். இடது கையை மட்டும் உள்பக்கமாக நன்றாகப் பிடித்துத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

காலையில் வேண்டுமென்றே தாமதமாகக் கொண்டுபோனாள். பஸ் கழுவும் கொட்டகையில் பழைய டயர்களை அடுக்கி, மேலே பலகை போட்டு மேடை. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லாரும் கூடிவிட்டார்கள். தலைவர் அவசர அவசரமாகக் கோட்டுக்குள் கையை நுழைத்தார். பாதியில் முகம் சுளித்தார், அவளைப் பார்த்தார். அவள் காலரை நீவிவிட்டாள்.

"கனகச்சிதமா இருக்கு மாமா."

பதில் சொல்ல நேரமில்லை. மைக் கூப்பிட்டுவிட்டது.

பேச்சு நன்றாகத்தான் போனது. ஓவர்டைம், ஓட்டை விழுந்த கூரை, கழிப்பறை, எல்லாம் வந்தது. ஊசியை மட்டும் அவர் சுற்றிச் சுற்றிப் போனார். ஆனால் கூட்டம் விடுமா? பின்னாலிருந்து ஒருவன் "நாங்க என்ன எலியா?" என்று ஆரம்பித்துவைத்தான். கொட்டகை முழுக்க இடது கைகள் எழும்பின. தலைவர் கையைத் தூக்காமல் எப்படி இருப்பது? தூக்கினார். கோட்டு கெட்டியாகப் பிடித்தது, கை பாதியில் நின்றது.

"அய்யோ அம்மா" என்று மைக்கில் ஒரு சத்தம்.

கோஷம் நின்றுவிட்டது. வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு தலைவர் குனிந்து நின்றார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நிதானம் ஓடினான். தன் வாழ்நாளில் அவன் அவ்வளவு வேகமாக எங்கேயும் போனதில்லை.

"அண்ணே, என்னண்ணே? நெஞ்சா?" மேடைமேல் ஏறியவனுக்குப் பேச்சு வரவில்லை. மூச்சு விசில் அடித்தது. அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு அவனே தள்ளாடினான். அந்த விசில் சத்தத்தையும் மைக் விடவில்லை. எல்லார் காதுக்கும் கொண்டுபோனது.

"நெஞ்சு இல்லடா," என்றார் தலைவர். "ஊசி."

நிதானம் திரும்பி மனைவியைப் பார்த்தான். "கோட்டுல ஊசியை விட்டுட்டியா? கண்ணைப் பின்னாடி வச்சுக்கிட்டா தைச்ச?"

டிப்போவே அவளைப் பார்த்தது. தலைவருக்குத் தப்பிக்க வழி தானாகவே திறந்துகொண்டது. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். பழி அவள் தலையில் விழும், கூட்டம் தொடரும், மத்தியானம் ஐஸ் பெட்டி வண்டி ஏறிவிடும். இனி அவள் கையில் எதுவும் இல்லை.

தலைவர் தம்பியைப் பார்த்தார். அவன் சட்டைப்பையைத் துழாவி மூச்சு மருந்தை எடுத்து, உறிஞ்சி, நிமிர்ந்து, மறுபடியும் "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று கேட்டான். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"அவளைத் திட்டாதடா. அந்த ஊசி இல்ல." வலது கையால் ஓய்வறைப் பக்கம் காட்டினார். "இந்த ஊசி. முந்தாநேத்து போட்டுக்கிட்டேன்."

வாயில் ஈ புகுந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நிதானம் மட்டும் சின்னக் குரலில் கேட்டான்.

"என்னை வேணாம்னு சொன்னீங்களேண்ணே."

"சொன்னேன். தப்புதான்." மைக்கை அவர் விலக்கவில்லை. "உனக்கு இருக்கிற மூச்சுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்னடா பண்ணுவேன்? மொதல்ல நான் போட்டுப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு போனேன். போட்டேன். அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேக்காம மிரட்டினாங்க, அதுக்குக் கோபப்பட்டது சரி. அந்தக் கோபத்தை மருந்து மேல காட்டினது என் முட்டாள்தனம். யாரும் அதுக்காக உசிரை விட வேணாம்."

இதில் எத்தனை பங்கு பாசம், எத்தனை பங்கு பயம் என்று தையல்காரி அளந்து பார்க்கப் போகவில்லை. அளவெடுத்தது போதும் என்று விட்டுவிட்டாள்.

நாலு பிள்ளை பெற்ற கண்டக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "காய்ச்சல் வந்துச்சா தலைவரே?"

"ராத்திரி கொஞ்சம். காலையில ஓடிப்போச்சு."

"எலும்பு?" என்றான் மெக்கானிக்.

"அப்படியேதான்டா இருக்கு. தொட்டுப் பாரு. அந்தக் கை இல்ல, இந்தக் கை."

சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்துக் கொட்டகையின் ஓட்டைக் கூரை வரைக்கும் போனது. தலைவரும் அசடு வழியச் சிரித்தார். பிறகு வலது கையால் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, ஓய்வறையைப் பார்க்க நடந்தார். பின்னாலேயே டிப்போ நடந்தது. நர்ஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வாசலில் வளைந்து நின்ற வரிசையைப் பார்த்து, மாஸ்க்குக்கு உள்ளேயே சிரித்தாள். கொண்டுவந்த மருந்து பத்தவில்லை. முகாமை நீட்டிக்கச் சொல்லி அவளே போன் போட்டாள். மெக்கானிக் மயங்கி விழுந்தான், எழுந்தான், போட்டுக்கொண்டான். முதல் ஊசி நிதானத்துக்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டான்; அவள் மூடவில்லை. அந்த மருந்து அவன் கைக்குள் இறங்குவதை முழுக்கப் பார்த்தாள். அவள் வயிற்றில் அப்போதுதான் பால் வார்த்தது போலிருந்தது.

மறுநாள் காலையில் அவன் படுக்கையிலிருந்தே முனகினான்.

"கையைத் தூக்கவே முடியல. ரொம்ப வலிக்குது."

"அப்படியா? நல்லா வலிக்குதா?" என்று அவள் கேட்டாள். ஒருத்தர் வலிக்கிறது என்று சொல்லி அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்குக் காபி கொண்டுவந்து வலது கையில் கொடுத்தாள்.

கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு தலைவர் வந்தார். மேஜைமேல் வைத்தார்.

"இடது கை கொஞ்சம் பிடிக்குதும்மா."

"தெரியாம நடந்திருக்கும் மாமா. பிரிச்சு விட்டுடறேன்."

"தெரியாமத்தானே?" அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அவள் பிரிப்பதற்குக் கத்தியைத் தேடுவது போல இழுப்பறைக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"சரி," என்றார் அவர். "பிரிக்கிறதோட, வலது கையையும் கொஞ்சம் தாராளமா வச்சுக் கொடு. வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. கழிப்பறைக்குக் கோஷம் போடணும், டிப்போவுல ஒருத்தனுக்கும் இடது கை எழும்பல."