ஒன்பதாவது குறிப்பு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நகர மன்றத்தின் மாடி அறையில் நான்கு பேர் இருந்தோம். துணை மேயர் ரேமோன் கசாலிஸ் மேசையின் தலைப்பக்கம். காளைச் சங்கத் தலைவர் ஃபிர்மான் வீடால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. சுற்றுலா அலுவலகத்துச் சொலாஞ்ச் அவருக்கு எதிரில். எழுத்தர் ஓதில் ஆகிய நான் கதவோரம், மடியில் கோப்புடன். மூன்றாம் நாளாக வடக்குக் காற்று ஜன்னல் பலகைகளை அடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

வடக்கே தொலைவிலுள்ள லீல் நகரத்திலிருந்து மாதாம் தெலாத்ர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். போன ஆகஸ்டில் கணவருடன் எங்கள் காளை ஓட்டத் திருவிழாவுக்கு வந்தவர். நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் 'வருகையாளர்களுக்குப் பத்துக் குறிப்புகள்' என்ற தாளை மூன்று முறை படித்திருக்கிறார். ஒன்பதாவது குறிப்பு: வேட்டுச் சத்தம் கேட்டதும் தெருவில் இறங்கலாம். வேட்டு கேட்டது. கம்பித் தடுப்பைத் தாண்டி இறங்கினார். குதிரைக்காரர்கள் நடுவே நான்கு காளைகள் வந்தன. அவரை இழுக்கப் பாய்ந்த கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

"என் கணவர் ஒன்றும் சொல்வதில்லை. நான் சரியாகப் படிக்காததால்தான் இப்படி ஆயிற்று என்று என் நாத்தனார்கள் சொல்கிறார்கள். எந்த வரியைத் தவறவிட்டேன் என்று மட்டும் தெரிவியுங்கள்."

எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்: முதல் வேட்டுக்குக் காளைகளை அவிழ்த்துவிடுவார்கள், கடைசிக் காளையும் பட்டிக்குள் போனபின் இரண்டாவது வேட்டு. பழைய தாளில் இரண்டுமே இருந்தன. சனிக்கிழமைச் சந்தைத் திடலில் வண்டி நிறுத்தக்கூடாது என்று சேர்க்க இடம் போதாமல், முதல் வேட்டைப் பற்றிய வரியை நான்தான் எடுத்தேன். அச்சுக்கு முன் இந்த மூவரும் படித்தார்கள். வேட்டு என்று படித்தால் எங்கள் காதில் இரண்டாவதுதான் விழும்.

"மொத வேட்டுக்கு எவனாவது தெருவுல எறங்குவானா?" என்றார் ஃபிர்மான். "வடக்கத்திக்காரங்களுக்குக் கோழி ஓடினாக்கூட வேடிக்கைதான்."

சொலாஞ்ச் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். கசாலிஸ் பதில் கடிதத்தைச் சொல்லச் சொல்ல, நான் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன்: நகரம் வருந்துகிறது, குறிப்புகள் தெளிவாகவே இருந்தன. நான் எழுந்து ஜன்னல் கொக்கியை மாட்டினேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"தெளிவா இல்லைங்க. அந்த வரிய வெட்டினது நான்."

"உக்காரு ஓதில்," என்றார் கசாலிஸ். "இத எழுத்துல ஒத்துக்கிட்டா காப்பீட்டுக்காரன் ஊரையே பிடிச்சுக்குவான். உனக்கும் இந்த நாற்காலி இருக்காது, பாத்துக்க."

ஃபிர்மான் தொப்பியை விரல்களில் சுற்றியபடி, அந்த ஆள் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

கசாலிஸ் சொன்னபடியே தட்டெழுதிக் கையெழுத்து வாங்கினேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். தட்டில் போட்ட மீன் ஆறிப்போனது. நாற்காலியை நினைத்தேன், பேசாத கணவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பெண்ணை நினைத்தேன். இரண்டு மணிக்கே அலுவலகம் திரும்பி, என் சொந்தத் தாளில் எழுதினேன்.

'அன்புள்ள மாதாம், நீங்கள் எந்த வரியையும் தவறவிடவில்லை. அந்த வரி தாளில் இல்லை. அதை எடுத்தவள் நான். பழைய தாளையும் புதியதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கணவர் முன்னிலையிலேயே நாத்தனார்களுக்கு இதை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.'

முழுப் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டேன். நகர மன்றக் கடிதத்தை, அனுப்பவில்லை என்று ஒரு சீட்டுடன், கசாலிஸின் மேசையில் திருப்பி வைத்தேன்.

மூன்று மணிக்குத் தபால் வண்டி வரும். உறையை நாக்கில் நனைத்து ஒட்டி, தபால்தலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே படிகளில் ஓடினேன். தபால்காரர் மஞ்சள் பெட்டியைக் காலி செய்து பூட்டிக்கொண்டிருந்தார். கையை நீட்டினேன். வாங்கிப் பையில் போட்டு வண்டியைக் கிளப்பினார்.