சாக்ஸ் அடைத்த ஸ்பீக்கர்

பல்செட்டு செய்பவருக்கு வயிறு எரியத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, சகலையின் வீட்டு மாடியில். சகலை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு சின்ன அறையை ஒதுக்கி, ரொட்டிப் பாக்கெட் அளவில் இரண்டு ஸ்பீக்கர்களைக் காதுயரத்துக்கு நிறுத்தியிருந்தார். புல்லாங்குழல் ஒலித்தது. மூன்றாவது நிமிடம், பல்செட்டுக்காரரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் செய்த எதற்கும் அவள் கண்ணை மூடியதில்லை. திறந்து வைத்துக்கொண்டு குறைதான் கண்டுபிடித்திருக்கிறாள். ஊராருக்குக் கண்ணைத் திறந்துவிடுவதே பிழைப்பாகக் கொண்ட மனுஷன், அடுத்தவன் பெண்டாட்டியின் கண்ணை மூட வைப்பதாவது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் காதிலிருந்து புகை வந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் இருமிக்கொண்டே முந்திப் போனார்.

மறுநாளே வேலை அறையை ஒட்டிய சாமான் அறையைக் காலி செய்தார். எட்டடிக்கு ஏழடி. மனைவியை அழைத்துக்கொண்டு ஸ்பீக்கர் கடைக்குப் போனார். கடைக்காரர் நாலு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். இவர் கேட்கவில்லை. மனைவியின் இமையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஸ்பீக்கர் அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும். நீங்க போடுங்க."

இமை அசையவில்லை.

"கண்ணாடிக் கடைக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரே, அதைவிடப் பெரிசு எது?"

"எட்டுக்கு ஏழு ரூமுக்கு அதுவே போதும் சார். பெரிசுல பின்னால ஓட்டை இருக்கு பாருங்க, கனமான சத்தமெல்லாம் அது வழியாத்தான் வரும். சுவரை விட்டு ரெண்டடி தள்ளி வைக்கணும். ஒட்டி வெச்சா கும்முன்னு அதிரும். வேற வழியே இல்லேன்னா ஓட்டையில ஒரு சாக்ஸைத் திணிச்சுடுங்க."

"பெரிசே குடுங்க."

இரண்டடி தள்ளி வைத்தால் நாற்காலி போட இடமில்லை. சுவரோடு ஒட்டி வைத்து, தன் கறுப்புச் சாக்ஸ் இரண்டையும் திணித்தார். அடுத்த ஞாயிறு சகலையையும் மச்சினியையும் வரவழைத்தார். மனைவி கண்ணை மூடுவதைச் சகலை கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அதே புல்லாங்குழல். மூன்று நிமிடம் ஆயிற்று. நாலும் ஆயிற்று.

"ஏங்க, அந்த மூலையில ஒட்டடை," என்றாள் மனைவி.

"நல்லாத்தான் இருக்கு சகலை," என்றார் கண்ணாடிக்காரர், தோளில் தட்டாத குறையாக. "என்ன, கொஞ்சம் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு."

பல்செட்டுக்காரர் எழுந்து போய் இரண்டு சாக்ஸையும் உருவி எறிந்தார். அந்த நேரம் பார்த்துப் பாட்டில் மத்தளம் சேர்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் வேலை அறை அலமாரி. டெலிவரிக்குத் தயாராக நாற்பத்திரண்டு பல்செட்டுகள் வரிசையாக இருந்தன. நாற்பத்திரண்டும் ஒரே நேரத்தில் கடகடவென்று தாளம் போட ஆரம்பித்தன. எல்லோரும் எழுந்து ஓடிப் போய்ப் பார்த்தார்கள். ரிடையரான தலைமையாசிரியருடைய செட்டு மட்டும் அரைத் தாளம் பின்தங்கி வந்தது. வக்கீலுடையது மத்தளம் நின்ற பிறகும் நிற்கவில்லை. பேசிக்கொண்டே விளிம்புவரை நடந்து போய், பலகையைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

மனைவி சிரித்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மச்சினி அக்கா தோளில் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். பல்செட்டுக்காரர் குனிந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண்ணீர் வழிய, இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. கடிகாரத்தைப் பார்த்தார். முழுசாக ஒன்றரை நிமிடம்.

சகலை சிரிக்கவில்லை. தன் பெண்டாட்டியின் முகத்தை, யாரோ எவரோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளம்பும்போது பெண்கள் முன்னால் போகட்டும் என்று கண்ணாடிக்காரர் செருப்பைத் தேடுவது போலப் பின்தங்கினார்.

"சகலை, எனக்கு ஒரு பன்னிரண்டு பல்செட்டு வேணும்."

"உங்களுக்குத்தான் முப்பத்திரண்டும் கெட்டியா இருக்கே."

"வாய்க்கு இல்லை. அலமாரிக்கு."

"அதுக்கென்ன, செஞ்சுடுவோம்," என்றார் பல்செட்டுக்காரர் பெருந்தன்மையாக. மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் பிரியாதபடி ஒட்டிக் கொடுப்பதற்கு எந்தப் பசை தோது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தார்.