உப்புக்கண்டம் குழுவின் உண்மைத்தன்மை

தமிழ் சுயாதீன இசையின் வருங்காலத்தில் அக்கறை கொண்ட சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: மேற்படி வருங்காலம் தூத்துக்குடி மில்லர்புரத்தில், ஒரு மாடி வீட்டின் ஏசி அறையில், ஹயக்ரீவன் என்பவரின் இரண்டு காதுகளுக்கு நடுவே பரிசீலனையில் இருந்தது. முடிவு வெளியாகும்வரை பொதுமக்கள் எந்தப் புதுப் பாட்டையும் அவசரப்பட்டு ரசித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கேட்டுக்கொண்டவரும் அவரே.

ஹயக்ரீவனுக்குத் துறைமுகத்தில் சர்வேயர் வேலை. நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. கப்பலில் வந்த சரக்கு கெட்டுப்போனால், அது எப்படிக் கெட்டது என்று இன்ஷூரன்ஸ்காரனுக்குச் சொல்கிற சர்வேயர். நனைந்த மூட்டையில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விடுவார். பாலாக வெளுத்தால் கடல்தண்ணீர். வெளுக்காவிட்டால் யாரோ குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தூத்துக்குடிக் குழாய்த் தண்ணீரும் பாதி வெளுக்கும் என்பது வேறு விஷயம். இந்த வேலையிலேயே தலை நரைத்ததால், எதிரே வருகிற எதையும் நனைந்த மூட்டையாகப் பார்க்கப் பழகியிருந்தார். மனைவி கமலவல்லி வைக்கும் சாத்தமுது என்கிற ரசத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாதத்தில் விடுவார்.

மீதி நேரத்தில் 'செவிச்சான்று' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்தினார். யாரும் கேள்விப்படாத இசைக்குழுக்களை, யாரும் கேள்விப்படுவதற்கு முன் கண்டுபிடித்துச் சொல்வது அதன் பணி. பெரும்பாலும், அவர் சொன்ன பிறகும் யாரும் கேள்விப்படவில்லை. அதைத் தரத்துக்கான அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்.

போன வருஷம் ஒரு விபத்து நடந்தது. 'தோணிக்காரனின் தனிமை' என்று ஒரு பாட்டைக் கண்டுபிடித்து, "இந்தக் குரலில் மூன்று தலைமுறை உப்புக்காற்று இருக்கிறது" என்று கண்கலங்கப் பேசினார். மறுநாளே கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி மாணவன், டீ ஆறுவதற்குள் ஏஐயில் தட்டிய பாட்டு அது என்று சிரித்துக்கொண்டே வீடியோ போட்டான். சேனலின் சரித்திரத்திலேயே அதிகம் பேர் பார்த்தது ஹயக்ரீவன் கண்கலங்கிய அந்தப் பகுதியைத்தான். அவன் வெட்டி ஒட்டியிருந்தான்.

இப்போது சென்னையிலிருந்து சுப்ரஜா என்கிற பெண், 'தென்கரை இசைக்கூடல்' என்று ஒரு விழாவைத் தூத்துக்குடியில் நடத்த வந்திருந்தாள். உள்ளூர்க் குழு ஒன்றுக்கு மேடையில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்துக்கு 'உப்புக்கண்டம்' என்ற குழுவை அவள் நினைத்து வைத்திருந்தாள். "ஆனா ஒருத்தர் மூஞ்சியும் தெரியல சார். நிஜ ஆளுங்கதானானு நீங்க ஒரு சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டா போதும்" என்றாள். ஹயக்ரீவனின் மானம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. நிஜம் என்று சொல்லி இன்னொரு முறை பொய்யாகிவிட்டால், சேனலை மூடிவிட்டு மூட்டைகளோடு மட்டும்தான் பேச வேண்டியிருக்கும்.

வீடியோவைப் போட்டார். வேம்பார்ப் பக்கத்து உப்பளம். கொளுத்தும் வெயில். ஐந்து பேர் ஆளுக்கோர் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் வரிசையாக நடக்கிறார்கள். முன்னால் போகிறவரின் அண்டாவைப் பின்னால் வருகிறவர் கரண்டியால் தட்டுவதுதான் தாளம். எங்கோ ஒரு கிதார். ஓர் அண்டாவுக்குள்ளிருந்து பெண் குரல், "வெளியே வெயிலாம், உள்ளே நானாம்" என்று பாடுகிறது. கடைசியில் ஐந்து அண்டாக்களும் உப்புக் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்துவிடுகின்றன. எது குவியல், எது ஆள் என்று தெரியாத தூரத்துக்குக் கேமரா விலகிப் போய்விடுகிறது.

ஹயக்ரீவனுக்குப் பிடித்துப்போயிற்று. அதுதான் முதல் சந்தேகம்.

"கமலா, இங்க வா. இவாளுக்கு நிழலே இல்ல பாரு. மெஷின் நிழல்லதான் கோட்டை விடும்."

கமலவல்லி கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். "உச்சி வெயில்னா. நிழல் காலுக்குக் கீழதான் கெடக்கும். நீங்க அந்த நேரத்துல வெளிய போனாத்தானே தெரியும்?"

"கை விரலையும் சரியாக் காட்டவே இல்ல."

"அண்டா விழாம ஒரு கையால உள்ளேர்ந்து பிடிச்சிண்டு, இன்னொரு கையால கரண்டிய இறுக்கிண்டிருக்கா. நானா இருந்தாலும் அப்படித்தான் பிடிப்பேன்." கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "நன்னாத்தான் இருக்கு."

நன்றாக இருக்கிறது என்று இன்னொருவரும் சொல்லிவிட்டதால் சந்தேகம் இரட்டித்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில், ஓர் அண்டாவின் விளிம்பில் புள்ளிப் புள்ளியாக வெட்டிய பெயர் கிடைத்தது: செந்தூர்பாண்டி, ஏரல். வாடகைப் பாத்திரத்தில் கடைக்காரர் பெயர் வெட்டியிருப்பது ஊர் வழக்கம். ஹயக்ரீவன் வேலைக்குப் போகும் பையை எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையுடன் ஏரலுக்கு பஸ் ஏறினார்.

செந்தூர்பாண்டியின் கடை பஜாரில் இருந்தது. கூரைவரை அண்டா, குண்டான், ஜாரணி. நடுவே செந்தூர்பாண்டி.

"வாங்க அண்ணாச்சி. என்ன விசேஷம்? எத்தன பேருக்குச் சாப்பாடு?"

"பாத்திரத்துக்கு வரல. ஒரு பொண்ணப் பத்தி விசாரிக்கணும். நன்னா பாடுவா போல. உங்க அண்டாவ வெச்சிண்டு..."

செந்தூர்பாண்டியின் முகம் கூட்டிப் பெருக்கின வாசல்போல் ஆயிற்று. அவருடைய தம்பி மகள் பானுப்ரியாவுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வருவதற்கு முன் பஜாருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். இஸ்திரிச் சட்டையும் கைப்பையுமாக, பெண்ணைப் பற்றித் தணிந்த குரலில் விசாரிக்க ஏரல் பஜாருக்கு வருகிற மனிதர் வேறு யாராக இருக்க முடியும்?

"பாட்டா? எங்க வீட்டுலயா? எங்க வீட்டுப் பிள்ள சாமி பாட்டையே மனசுக்குள்ளதான் பாடும்."

ஹயக்ரீவன் போனில் வீடியோவைக் காட்டினார். செந்தூர்பாண்டி அதை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதா? இது பூரா கம்ப்யூட்டர் அண்ணாச்சி. இப்ப எல்லாம் அதுலதான பண்ணுதானுவ. ஆளும் கம்ப்யூட்டரு, வெயிலும் கம்ப்யூட்டரு."

"அண்டால உங்க பேர் இருக்கே?"

"அந்தப் பேரும் கம்ப்யூட்டருதான்."

"நிச்சயமா சொல்றேளா?"

"எங்க குலதெய்வத்து மேல சத்தியம். ஆமா, உங்களுக்கு எந்தூரு? பையனுக்கு என்ன சம்பளம்னு சொன்னாவ?"

கடைசிக் கேள்வி ஹயக்ரீவனின் காதில் விழவில்லை. அவர் கண் மூலையிலிருந்த ஓர் அண்டாவின் மேல் இருந்தது. நெளிந்த அடிப்பாகம், உள்விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கை தன்னால் பைக்குள் போய் வெள்ளி நைட்ரேட் குப்பியைத் தொட்டது.

"அது அப்பளம் பொரிச்ச அண்டா. வெளக்கல" என்றார் செந்தூர்பாண்டி அவசரமாக.

அப்பளம் பொரித்தால் எண்ணெய்தான் படியும், உப்பு பூக்காது. ஹயக்ரீவனுக்கு அது தெரியும். ஆனால் வேண்டிய பதில் கைக்கு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஹயக்ரீவன் சொட்டு விடாமல் திரும்பினார்.

'உப்புக்கண்டம்: ஒரு தோலுரிப்பு' என்ற அவருடைய வீடியோவை, அவர் கண்கலங்கியதைப் பார்த்தவர்களைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். பாட்டைக் கேட்டபோதே பிசிறில்லாத ஒரு வெறுமையை உணர்ந்ததாகச் சொன்னார். நேரில் போய் விசாரித்ததாகவும், சம்பந்தப்பட்ட பாத்திரத்தின் உரிமையாளரே சத்தியம் செய்ததாகவும் சொன்னார். கோயம்புத்தூர் மாணவன்கூட 'சூப்பர் அங்கிள்' என்று எழுதியிருந்தான். அதையும் சந்தேகித்துவிட்டு, பிறகு ஏற்றுக்கொண்டார். சுப்ரஜா குழுவின் பெயரை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைப்புமணி அடித்தது. வாசலில் ஒரு பெண்ணும், கிதாரோடு ஓர் இளைஞனும்.

"சார், நான் பானுப்ரியா. ஏரல் செந்தூர்பாண்டி எனக்குப் பெரியப்பா. ஷிப்பிங் ஆபீஸ்ல வேல பாக்கேன். இவன் ஹென்றி, வேம்பாரு. நாங்களும் இன்னும் மூணு பேரும்தான் உப்புக்கண்டம்."

ஹயக்ரீவன் அவர்களை உட்காரச் சொல்வதற்கு முன் கமலவல்லி சொல்லிவிட்டாள்.

"ஆதாரம்?" என்றார் அவர்.

"ஆதாரத்துக்கு எங்க சார் போவேன்? பாடிக் காட்டட்டா?"

ஹென்றி கிதாரை எடுத்தான். பானுப்ரியா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். 'உள்ளே நானாம்' என்கிற இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. முட்டியதை மறைக்காமல் அடுத்த வரிக்குப் போனாள். அடுக்களையில் மிக்ஸி நின்றது. ஹயக்ரீவனின் கையில் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. ரிமோட்டை எடுத்து ஏசியைக் குறைத்துப் பார்த்தார். சிலிர்ப்பு போகவில்லை.

"நன்னா பாடற" என்றார். "ஆனா பாட்டைக் கேட்டு யார் வேணா மனப்பாடம் பண்ணிண்டு வரலாமே. மெஷின் பண்ணினதுக்கு இப்ப நீங்க உரிமை கொண்டாடறேள்னு ஏன் நான் நினைக்கக்கூடாது?"

ஹென்றி தலையைக் குனிந்து காட்டினான். "இந்தா பாருங்க சார், அண்டா இடிச்ச வீக்கம். தொட்டுப் பாருங்க."

"வீக்கம் எங்க வேணா வரும்."

"ஏளா, வா போவோம். இவரு அவரு பொறந்ததுக்கே சர்ட்டிஃபிகேட் கேப்பாரு போல."

பானுப்ரியா எழுந்திருக்கவில்லை. "சார், அந்த மேடைல ஒரு தடவ பாடிட்டா, அதுக்கப்புறம் எங்க வீட்டு ஆளுவ மறைக்க ஒண்ணும் இருக்காது. கல்யாணம் பேசுதாவ. வாரவனுக்கு முன்னாலயே தெரிஞ்சுரணும். இல்லன்னா ஆயுசு பூரா அண்டாக்குள்ளயே பாடணும்."

"உங்க பெரியப்பாவே கம்ப்யூட்டர்னு சத்தியம் பண்ணினாரே?"

"உங்கள மாப்பிள்ள வீட்டு ஆளுன்னுல்லா நெனச்சிட்டாரு."

கமலவல்லி காப்பித் தம்ளர்களை வைத்தாள். "பிசகாயிடுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோளேன். என்ன கொறஞ்சுடப் போறது?"

என்ன குறையும் என்று ஹயக்ரீவனுக்குத் தெரியும். பொய்யை நிஜம் என்று சொல்லி ஒரு தடவை மாட்டியாயிற்று. நிஜத்தைப் பொய் என்று சொல்லி மாட்டினால் இரண்டு திசையிலும் காது செவிடு என்று ஆகிவிடும். "நான் யோசிச்சு ஒரு விளக்கம் போடறேன்" என்றார். போடமாட்டார் என்பது வந்தவர்களுக்குப் புரிந்தது. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் சுப்ரஜா கூப்பிட்டாள். "சார், உங்க வீடியோவ நம்ம ஸ்பான்சர் பாத்துட்டார். சாஃப்ட்வேர் கம்பெனி இல்லையா, துள்ளிக் குதிக்கிறார். ஒரு மெஷினால இப்படிப் பாட முடியுமானு. 'நாளைய நாதம்'னு ஒரு போட்டியே வைக்கிறோம், ஏஐ பாட்டுக்கு மட்டும். நீங்கதான் தலைமை நடுவர்."

அது வேண்டாம், அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்று ஹயக்ரீவன் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். "சால்வை உண்டோ?" என்று கேட்டார்.

உப்புக்கண்டத்தின் பெயரைப் போட்டிக்குக் கொடுத்தவர் செந்தூர்பாண்டி. பிள்ளை பாடவில்லை, கம்ப்யூட்டரைத்தான் பாட வைத்தது என்பதற்கு மேடை போட்டு ஊரறிய ஒரு சாட்சி கிடைக்கும்போது அவர் விடுவாரா? மாப்பிள்ளை வீட்டுக்கும் பத்திரிகை அனுப்பிவிட்டார். பானுப்ரியா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு, எப்படியும் அது ஒரு மேடை என்று வந்தாள்.

போட்டி நடந்த கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. பெரிய திரையில் அண்டாக்கள் நடந்தன. முதல் பரிசு என்று அறிவித்ததும் பானுப்ரியா மேடைக்கு வந்தாள். அவளுக்கு மைக் கொடுக்கவில்லை. அறிவிப்பாளர் மட்டும் தன் மைக்கை ஒரு கணம் நீட்டி, "எந்த மென்பொருள் பயன்படுத்தினீர்கள்?" என்றார்.

"எல்லாம் நாங்களே பண்ணதுதான்."

"மென்பொருளையே சொந்தமாக எழுதியிருக்கிறார்" என்றார் அறிவிப்பாளர். மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பா தலையை ஆட்டினார்; செந்தூர்பாண்டி அந்த ஆட்டலைக் கவனித்து நிம்மதியாகச் சாய்ந்தார்.

நடுவர் உரையில் ஹயக்ரீவன், "மனிதக் குரல் மூச்சு முட்டுகிற இடத்தைக்கூட இந்த இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது, ஆனாலும் தேர்ந்த காதுக்கு வித்தியாசம் தெரியும்" என்றார். பின்னால் பாட்டு மீண்டும் ஓடியது. 'உள்ளே நானாம்' வந்தபோது, பரிசுக் கேடயத்தைப் பிடித்தபடி நின்ற பானுப்ரியாவின் தோள்கள் ஸ்பீக்கரின் மூச்சோடு ஒரே நேரத்தில் ஏறி இறங்கின. ஹயக்ரீவன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு, இசையும் எதிர்காலமும் பற்றி மேலும் கொஞ்சம் பேசினார்.

இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும் வாங்கியவர்களும் மனிதர்கள்தான். இயந்திரத்தில் செய்த பாட்டு எதுவும் போட்டிக்கு வரவில்லை.