சேவ் ஆகாத வீடு

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. கணினி பற்றிய ஒரு மாதப் பத்திரிகையில் "வீட்டு வரைபடம் போட விலை மலிவான மென்பொருள்: புதியவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?" என்று மூன்று பக்கம் கேட்டிருந்தார்கள். விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிப்பட்டவற்றை எழுதித்தான் பிழைக்கிறேன். போன மாதம் வைரஸ், அதற்கு முந்தின மாதம் பிரிண்டர் மை. கற்பனைக்கு வேலையே இல்லாத பிழைப்பு. எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

சில மென்பொருட்களை இறக்கிப் பார்த்துக் குறிப்பு எடுத்தேன். பிறகு ஒரு வேலையாகத் திண்டிவனம் போனபோது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அந்தக் குறிப்புகளை நகலெடுக்கக் கொடுத்தேன். கடையில் இருந்த பெண் தாளைக் கண்ணாடிமேல் கவிழ்ப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த மூணாவது போட்டுக்கிறீங்களே சார், அத மட்டும் யாரையும் எடுக்கச் சொல்லாதீங்க. சேவ் ஆவாது."

அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் பெயர்கூடக் கேட்கவில்லை. கீழே வருவதெல்லாம் திரும்பி வரும் பேருந்தில் நான் கட்டியது. கட்டுரை இன்னும் முடியாததால் அதன் துண்டுகள் ஆங்காங்கே நட்சத்திரக் குறியோடு கிடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், பத்திரிகைக்காரர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள்.

2

முதல் தொடக்கம்: "தேவயானிக்குச் சொந்த வீடு என்பது சின்ன வயதிலிருந்தே ஒரு"

வேண்டாம். அடுத்த சொல் என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிட்டது.

இரண்டாவது: "தமிழ்நாட்டில் 2012இன் மின்வெட்டைப் பொறுத்தவரை"

இதில் கட்டுரை வாடை அடிக்கிறது.

மூன்றாவது: தேவயானி கட்டிய வீடு ஒரு நாளைக்குப் பல முறை இல்லாமல் போனது.

இது நிற்கும் போலிருக்கிறது. இதிலிருந்தே போகலாம்.

தேவயானியின் கணவன் வெற்றிவேல் பேருந்து கண்டக்டர். பனமலையில் இருந்த குடும்ப நிலத்தை விற்றுத் திண்டிவனத்தில் ஒரு மனை வாங்கியிருந்தார்கள். ஒடுக்கமான மனை. அனுமதிக்கான வரைபடத்தை இன்ஜினியர் ஒருவர் போட்டுத் தருவார். ஆனால் உள்ளே எது எங்கே வரும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சக்கரபாணி மேஸ்திரி சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"எந்த ரூமு எங்கன்னு ஒரு படம் போட்டுக் குடுத்துடும்மா. வெள்ளிக்கெழம நான் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுட்டேன்னா அப்பறம் மாத்தச் சொல்லக் கூடாது."

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவ ஊட்லயே இருக்கும்போது வெளிய எதுக்குப் போவணும்?" என்றான் வெற்றிவேல். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவளுக்கு வீடு வரையத் தெரியும் என்று அவனுக்கு எப்படித் தோன்றியதோ! ஆனாலும் தேவயானிக்கு அது பிடித்திருந்தது. கடையில் கழித்துப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று மென்பொருட்களை ஏற்றிப் பார்த்தாள்.

முதலாவது முற்றிலும் இலவசம். ஆனால் மீட்டரில்தான் பேசியது. பத்துக்குப் பன்னிரண்டு என்று அறையை நினைக்கிறவளிடம் புள்ளி வைத்த கணக்குச் சொன்னது. இரண்டாவது, உள்ளே விடுவதற்கு முன்பே வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டது. மூன்றாவது அடியிலும் பேசியது, அழகாகவும் இருந்தது. சோதனைப் பதிப்பு. எல்லாம் செய்யலாம், ஆனால் சேமிக்க முடியாது, அச்செடுக்க முடியாது. முழுசாக வேண்டுமென்றால் அவளுக்குக் கட்டுப்படியாகாத விலை.

தெரிந்தேதான் அவள் மூன்றாவதை எடுத்தாள். காரணம், அதில் மட்டும்தான் வரைந்த வீட்டுக்குள் நடக்க முடிந்தது.

* கட்டுரைக்கு: முதலில் அளவு அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஒரே ஒரு சுவரை வரைந்து, சேமித்து, மூடித் திறந்து பாருங்கள். சுவர் அங்கேயே இருந்தால் மட்டும் மேலே போங்கள். மற்ற அலங்காரங்களுக்கெல்லாம் பிறகு மயங்கலாம்.

3

அந்த வருஷம் கரண்ட் வந்த நேரத்தைவிடப் போன நேரம் அதிகம். கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் அணையும், அதோடு வீடும் போகும். வந்ததும் தேவயானி மறுபடி முதல் சுவரிலிருந்து தொடங்குவாள். மனப்பாடமாகி, கை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ஒரு தடவை போட்ட வீடு அடுத்த தடவை அப்படியே வருவதில்லை. (இந்தக் கதையை நான் எழுதுவதும் அப்படித்தான் இருக்கிறது. இந்தப் பகுதியில் முன்பு எழுதிய படியில் ஒரு வேப்பமரம் இருந்தது. இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.) முதல் தடவை போட்டபோது ஹால் வெறுமையாக இருந்தது. இரண்டாவது தடவை ஒரு மூலையில் சோபா வந்தது. கடையில் சோபா என்றால் யோசிக்க வேண்டும், மென்பொருளில் இழுத்துப் போட்டால் போதும். அடுத்தடுத்த தடவைகளில் சோபாவுக்குத் துணையாக இன்னும் இரண்டு, நடுவில் கண்ணாடி மேசை, அந்தப் பக்கம் ஆறு நாற்காலியோடு சாப்பாட்டு மேசை, அதன்மேல் யாரும் சாப்பிடாத பழங்கள் நிறைந்த கிண்ணம்.

வெற்றிவேல் பங்குக்கு ஒன்று கேட்டான்.

"முன்னாடி கார் வுட்றதுக்கு எடம் வெச்சுடு. பின்னால கார் வாங்கினா தெருவுல வுட்டுட்டுப் பேஜாரு பட முடியாது."

அவர்களிடம் கார் இல்லை. கார் ஓட்டத் தெரிந்தவரும் இல்லை. ஆனால் மென்பொருளில் கார் இருந்தது, சிவப்பு நிறத்தில். தேவயானி அதை முன்பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள்.

4

வெற்றிவேல்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் படியில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். குடிக்க வைத்தேன், கூடவே இருக்கும் அவன் அக்காவை ஒரு தடவை அதட்ட வைத்தேன். கெட்டவனாக இருந்தால் எனக்கு வேலை சுலபம், நீங்களும் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவீர்கள். ஆனால் ஜெராக்ஸ் கடைப் பெண்ணின் குரலில் அப்படி ஒரு வீட்டின் சாயல் இல்லை. அதனால் அதையெல்லாம் அடித்துவிட்டேன்.

அவன் நல்லவன். அக்காமேல் உயிரையே வைத்திருக்கிறவன். டியூட்டி முடிந்து வரும்போது அவளுக்கு என்று தனியாகப் பூ வாங்கி வருவான்.

அக்கா பெயர் ருக்கு. வானூரில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வாழ்க்கை சரிப்பட்டு வராமல் வெற்றிவேலுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். நிலம் இருந்தவரை மல்லாட்டைக் கொல்லையை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) பார்த்துக்கொண்டது அவள்தான். நிலத்தை விற்றபோது பத்திரத்தில் அவளும்தான் கையெழுத்துப் போட்டாள். வாடகை வீட்டில் பிள்ளைகள் உட்பட எல்லோரும் படுத்த பிறகு ஹாலில் பாயை விரித்துப் படுப்பாள். விடிந்ததும் யாரும் எழுவதற்கு முன் பாய் சுருட்டப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுவிடும். இத்தனை வருஷமாக அவள் படுத்த இடத்தை யாரும் பகலில் பார்த்ததில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிய பிறகுதான் இது கட்டுரையாகத் திரும்பப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

5

வியாழக்கிழமை மதியம். மறுநாள் மேஸ்திரி வருகிறார். வெற்றிவேலுக்கு அன்று விடுமுறை, தரையில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். தேவயானி முழு வீட்டையும் போட்டு முடித்திருந்தாள். இனி பார்த்துக் காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"அண்ணி, ஜல்தி வாங்க. கரண்ட் போறதுக்குள்ள நம்ம ஊட்ட ஒரு சுத்து சுத்திப் பாத்துடலாம்."

ருக்கு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "நான் தொட்டா கெட்டுடப் போவுது."

"ஒண்ணும் ஆவாது. இந்த அம்புக்குறிய அமுத்துனா நடந்துகினே போகும். திரும்பணும்னா இது."

ருக்கு நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் சிவப்பாக எதிரில் நின்றது.

"இது யாரு காரு?"

"நம்புளுதுதான்க்கா," என்று சிரித்தான் வெற்றிவேல். "இனிமேட்டு வாங்கப்போறது."

ருக்குவும் சிரித்தாள். ஹாலுக்குள் போனாள். அம்மாடி என்றாள். ஓர் அறைக்குள் நுழைந்து, "இது?" என்று கேட்டாள்.

"எங்க ரூமு அண்ணி."

அடுத்த அறைக்குள் போனாள். "இது?"

"பசங்களுக்கு."

சமையலறையைப் பார்த்தாள், மேடை உயரமாக இருக்கிறது என்றாள். பின்கதவு வரை போய்த் திரும்பினாள். மறுபடியும் இரண்டு அறைகளுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். வழி தெரியாமல் சுற்றுகிறாள் என்று தேவயானி நினைத்தாள். பிறகு ஹாலுக்கு வந்து சோபாவுக்குள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தாள். அந்த மென்பொருளில் எதுவும் இடிக்காது.

"தேவயானி, படுத்துக்கினு பாத்தா இது எப்புடித் தெரியும்?"

தேவயானி அதை மென்பொருளைப் பற்றிய கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டாள். கண் உயரம் என்று ஒரு கட்டம் இருப்பது அவளுக்குத் தெரியும். அதுவரை அதைத் தொட்டதில்லை. அதில் இருந்த எண்ணை அழித்து அரை அடி என்று போட்டாள்.

திரையில் பார்வை தரையோடு தரையாக இறங்கியது. எங்கே பார்த்தாலும் கால்கள். சோபாவின் கால்கள், கண்ணாடி மேசையின் கால்கள், ஆறு நாற்காலிகளின் கால்கள். கூரை எங்கோ மேலே வெள்ளையாகத் தெரிந்தது. ருக்கு ஒரு விரலால் அம்புக்குறியை அழுத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"பாய் எங்க போட்றது?" என்றாள்.

"ஹால்லதான்க்கா, நீ எப்பவும் படுக்கறாப்ல," என்று வெற்றிவேல் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தான். கையில் இருந்த மல்லாட்டையை உரிக்கவில்லை.

"காருக்கு எடம் வெச்சிக்கிறீங்க," என்றாள் ருக்கு. அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே வீட்டைப் பாராட்டுகிறவள் மாதிரி, "நல்லாத்தான் வந்துக்குது," என்றாள்.

தேவயானிக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. இந்த வீட்டை எத்தனை தடவை போட்டிருப்பாள்! ஒரு தடவைகூட இது கண்ணில் படவில்லை. முதல் நாள் வெறும் ஹாலாக இருந்தபோதாவது ஒரு பாய்க்கு இடம் இருந்தது. அதைத் தன் கையாலேயே ஒவ்வொரு பொருளாக இழுத்துப் போட்டு அடைத்திருக்கிறாள். "அண்ணி" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

கரண்ட் போனது.

யாரும் எழுந்திருக்கவில்லை. காற்றாடி சுற்றி ஓய்ந்தது. கடைசியில் ருக்குதான் எழுந்தாள்.

"கரண்ட் வந்தா திரும்பியும் மொதல்லேர்ந்து போடணும் இல்ல?"

"ஆமாண்ணி. சேவ் ஆவாது."

"சரி," என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்கப் பின்பக்கம் போனாள்.

6

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று. வெற்றிவேல் கண் கலங்கி, "காரும் வாணாம் ஒரு மயிரும் வாணாம், அக்காவுக்கு மொதல்ல ரூமு போடு" என்கிறான். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் அவனை நான் எவ்வளவோ தூண்டியும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு. தேவயானி அறையைப் போடுகிறாள். ருக்கு, "எனக்கு எதுக்கு ரூமு, ஹால்ல காத்தோட்டமா இருக்கும்" என்று மறுக்கிறாள். எல்லோரும் நிம்மதியாக அதை ஒத்துக்கொள்கிறார்கள். இதுதான் நடந்திருக்கும் என்று பயமாக இருக்கிறது. அதனாலேயே எழுத மனம் வரவில்லை.

மூன்று. வெள்ளிக்கிழமை காலை வரை கரண்ட் வரவே இல்லை. மேஸ்திரி வந்து, தனக்குப் பழக்கமான வீட்டையே இங்கும் சுண்ணாம்பில் போட்டுவிட்டுப் போகிறார். இது

(இதை முடிக்கவில்லை. மூவரில் ஒருவருக்கும் வேலை வைக்காத முடிவு இது. சோம்பேறித்தனம்.)

* கட்டுரைக்கு: நடந்து பார்க்கும் வசதி உள்ளதையே தேர்ந்தெடுங்கள். கண் உயரத்தை மாற்ற முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். நிற்கிறவர் உயரத்தில் மட்டும் வீட்டைப் பார்த்துவிட்டு மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். (பத்திரிகையில் இதை வெட்டிவிடுவார்கள். இருந்தாலும் எழுதியாயிற்று.)

7

கரண்ட் வந்துவிட்டது.

தேவயானி கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, அடுப்பில் வைத்ததைப் பார்க்கப் போயிருக்கிறாள். நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காரலாம். புதியவர்களுக்கும் கஷ்டமில்லை. திரையில் மனை மட்டும் வெறுமையாக இருக்கும். சுவர் போடும் கருவி இடது பக்கம் மேலே இருக்கிறது. சோபா, மேசை, கார் எல்லாம் வலது பக்கம் வரிசையாகக் காத்திருக்கும். எதை எடுத்தாலும் காசு கேட்காது, ஆனால் மனை பெரிதாகாது.

ருக்கு பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வாள். வெற்றிவேல் உங்களுக்குப் பின்னால் நிற்கிறான். நீங்கள் எதைப் போட்டாலும் தலையாட்டுவான் என்று தோன்றுகிறது, ஆனால் அவனாக முதலில் சொல்ல மாட்டான்.

காலையில் மேஸ்திரி வந்துவிடுவார். அடுத்த முறை கரண்ட் போவதற்குள் போட்டுக் காகிதத்தில் எடுத்துவிடுங்கள். சேவ் ஆகாது.