ஆராயி சொல்லாத பொய்

பறவைக் காய்ச்சல் பயம் பரவியிருந்த 2007இல், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை ஓரமாக எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டு நிதியில் நடந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் அது. பரிசோதனைக்கு வரும் மாதிரிகளை வாங்கிப் பதிவது என் வேலை. ஊர் ஊராகப் போய், கோழி செத்த சேதி கேட்டு, அதை ஐஸ் பெட்டியில் எடுத்து வருவது அம்புஜவல்லியின் வேலை. இருவருக்கும் வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்தான்.

கோழி செத்தால் ஆபீஸ்காரனிடம் யார் சொல்வார்கள்? மிச்சக் கோழியையும் கொன்று புதைத்துவிடுவான் என்று பயம். அதை அவள்தான் போக்கினாள். "கொல்ல மாட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கோழிக்கு முன்னாடி ஒங்க புள்ளைங்களத்தான் பாப்பாங்க" என்பாள். சாயங்காலம் திரும்பி வந்ததும், பக்கத்துக் கம்பெனி கழித்துப்போட்ட கோணல் கப்புகளில் டீ குடிப்போம். அந்த மாதிரி நாட்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

மறு வருடம் சென்னையிலிருந்து மதிப்பீட்டு அதிகாரி ஒருவர் வந்து, என் எதிரே கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்மாபுரத்தில் கோழி வளர்க்கும் ஆராயியிடம் காலையிலேயே ஆள் அனுப்பி, சும்மா நாலு கோழி செத்துவிட்டதாக அம்புஜவல்லியிடம் சொல்லச் சொல்லியிருந்தாராம். சேதி எத்தனை மணி நேரத்தில் எங்களுக்கு வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டுமாம். ஒப்பந்தம் தொடர்வதே இதை வைத்துத்தான் என்றார்.

போன் அடிக்கவே இல்லை. ஐந்து மணிக்கு அம்புஜவல்லி வெறும் பெட்டியோடு வந்தாள்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லண்ணே. ஆராயி அக்காகிட்டதான் யாரோ வந்து, நாலு கோழி செத்துப்போச்சுன்னு எங்கிட்ட சொல்லச் சொன்னாங்களாம். 'ஒங்கிட்டப் போயி பொய் சொல்ல வாய் வரல பாப்பா'ன்னுட்டாங்க."

"சார், நீங்க அளக்க வந்தது இந்த நம்பிக்கையத்தானே?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை. படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "எனக்குப் புரியுதுங்க. ஆனா இதுல எத்தன மணி நேரம்னு மட்டும்தான் கேட்டிருக்கு" என்று சொல்லி, 'சேதி வரவில்லை' என்று எழுதினார். மூன்றே மாதத்தில் அறையைப் பூட்டினார்கள்.

எனக்குக் கால்நடை மருந்தகத்தில் வேலை கிடைத்தது. அவள் பீங்கான் கம்பெனிக்குப் பொம்மை செய்யப் போனாள்.

2009 மார்கழியில் ஒருநாள் மருந்தக வாசலில் வந்து நின்றாள். முழங்கைவரை வெள்ளைப் பீங்கான் மாவு. கையில் ஐஸ் பெட்டி.

"ஆராயி அக்கா போன் பண்ணாங்கண்ணே. எட்டு மணிக்குக் கூண்டத் தொறந்தா ஏழு கோழி செத்துக் கெடக்குதாம். அரைநாள் லீவு போட்டுட்டு, கையுறை மாட்டிக்கிட்டுப் போயி எடுத்தாந்தேன்."

பரிசோதனையில் கோழிகளுக்கு வழக்கமாக வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்தான் என்று வந்தது. மனிதருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவள் வந்து நின்றபோதே நான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். ஆராயி கோழிக்கூண்டைத் திறந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதை எழுதிக்கொள்ள யாரும் இல்லை.