துடைத்துவிட்ட குறி

சலவைக்கடைக்காரருக்குக் கறை என்றால் ஆகாது. பேருந்தில் முன் சீட்டில் இருப்பவரின் காலரில் எண்ணெய்த் தடம் தெரிந்தால்கூடக் கை பரபரக்கும். சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்பிரிட் புட்டியும் வெள்ளைத் துணியும் எப்போதும் இருக்கும். அதனாலேயே தெருவில் அவருக்குக் 'கறைக்காரர்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் கறை எடுப்பார், மனைவி இஸ்திரி போடுவாள். இந்த ஏற்பாட்டில் பதினெட்டு வருடமாகக் கடை ஓடியது.

போன மாதம் அவளால் இஸ்திரிப்பெட்டியைத் தூக்க முடியவில்லை. வலது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இராப்பகலாக வலி. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புக்குள் கட்டி. ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துவிட்டு எலும்பு டாக்டர் சொன்னார்: "புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டிதான். ஆனா உள்ளே எலும்பை அரிச்சுட்டே வருது, விட்டா ஒடிஞ்சிடும். திறந்து கட்டியைச் சுரண்டி எடுத்துடுவோம். இடுப்புல இருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அந்தக் குழியை நிரப்பிடலாம்." இதில் 'இல்லை' என்ற சொல் கறைக்காரர் காதில் ஏறவே இல்லை. 'புற்றுநோய்' மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. மனிதர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அறுவை சிகிச்சை அன்று காலையில், கவுண்டரில் படிவங்களைக் கொடுத்துவிட்டு அவர் வார்டுக்குத் திரும்பினார். மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வலது முன்கையில் பளிச்சென்று ஊதா மை. எந்த அவசரக்குடுக்கையோ பேனாவை மூடாமல் இழுத்திருக்கிறது என்று நினைத்தார். ஆபரேஷனுக்குப் போகிற கை இப்படியா இருப்பது? புட்டியைத் திறந்தார். தேய்த்தால் மை பரவும். அதனால் ஓரத்திலிருந்து உள்ளே, ஒற்றி ஒற்றி எடுத்தார். பத்து நிமிடத்தில் சுவடே இல்லை. மூன்று வாரத்தில் அவர் உருப்படியாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.

எட்டு மணிக்கு அவளைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து, முறைக்குக் காத்திருக்க ஒருவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து எதிரே விட்டார்கள். அவருடைய முழங்காலுக்குக் கீழும் அதே ஊதா மை. கறைக்காரருக்குக் கை சும்மா இருக்குமா?

"அண்ணே, அதை எடுத்து விடவா? வலிக்காது."

நாற்காலியில் இருந்தவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "தொட்டுடாதீங்க. எந்தக் காலை அறுக்கணும்னு டாக்டர் போட்ட குறி இது. இதை அழிச்சு, அவங்க நல்ல காலைத் திறந்துட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

கட்டி எலும்புக்குள் இருக்கிறது. வெளியே பார்த்தால் அவளுடைய இரண்டு கையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கறைக்காரர் எழுந்து தியேட்டர் கதவுக்கு ஓடினார்.

"சிஸ்டர், வலது கை. வலது கைன்னு உள்ளே சொல்லுங்க. குறியை நான் அழிச்சுட்டேன்."

"ஆரம்பிச்சு அரை மணி ஆச்சுங்க," என்றாள் நர்ஸ். "கேட்டுட்டு வர்றேன், உட்காருங்க." கதவு மூடியது. போனவள் திரும்பி வரவில்லை.

இரண்டு மணி நேரம் அவர் உட்காரவில்லை. வியாதி கெடுத்தது ஒரு கையை, மிச்சமிருந்ததை நான் கெடுத்தேன் என்று தன்னைத்தானே திட்டித் தீர்த்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டதே என்று புலம்பினார். இரண்டு கையிலும் கட்டோடு அவள் கடைக்குள் நிற்பதை நினைத்துப் பார்த்தார்.

டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டே வந்தார். "நல்லபடியா முடிஞ்சது. கட்டியை முழுசா..."

"எந்தக் கை சார்?"

"வலது கை."

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குறியை அழிச்சவர் நீங்கதானா?" என்றார் டாக்டர். "குறி இல்லாம நாங்க மயக்க மருந்தே கொடுக்க மாட்டோம். அவங்களையே கேட்டு, ஸ்கேனையும் வெச்சுப் பார்த்து, மறுபடி வரைஞ்சோம். இருபது நிமிஷம் தாமதம், அவ்வளவுதான். இனிமே ஆஸ்பத்திரியில எதையும் துடைக்காதீங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "கட்டி முழுசா வந்துடுச்சு. எலும்பு கூடினா கை பழையபடி வேலை செய்யும். திரும்ப வருதான்னு மட்டும் அப்பப்போ படம் எடுத்துப் பார்க்கணும்."

மத்தியானம் மனைவிக்கு மயக்கம் நன்றாகத் தெளிந்தது. வலது கையில் பெரிய கட்டு. இடது கையை அவர் இரண்டு முறை புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

"குறியைக் காணோம்னு உள்ளே ஒரே கலவரம்," என்றாள். "தேட வேண்டாம், எங்க வீட்டுக்காரர் துடைச்சுட்டார்னு சொன்னேன்."

"உனக்கு எப்படித் தெரியும்? தூங்கிட்டுல்ல இருந்தே?"

"எங்கே தூங்கினேன்? கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் தடுக்கலை?"

"மூணு வாரமா உங்க கை நடுங்கிட்டே இருந்துச்சுங்க. டம்ளரைக்கூட ரெண்டு கையாலதான் பிடிச்சீங்க. துணியை எடுத்து ஒத்த ஆரம்பிச்சதும் நடுக்கம் நின்னுபோச்சு. மை போனா டாக்டர் வேற வரைஞ்சுக்குவார். உங்களை நிறுத்தத்தான் எனக்கு மனசு வரலை."

கட்டுக்கு வெளியே தெரிந்த அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு, வார்டில் அத்தனை பேர் பார்க்க, அவர் அழுதார்.