ரூட்டருக்குத் தைத்த சட்டை

அந்தத் தையல் கூடத்துக்குள் வந்ததும் முதலில் கழற்றப்படுவது செருப்பு. அடுத்தது மெஷின்களின் உறை. பஞ்சுத் தூசி ஓயாமல் பறக்கிற இடம். மூடி வைக்காத சாமான் எதுவும் உருப்படாது. அதனால் ஒவ்வொரு மெஷினுக்கும் மிச்சத் துணியில் தைத்த உறை உண்டு. பழக்கம் மெஷினோடு நின்றதா என்றால், இல்லை. தண்ணீர்க் கேனுக்குப் பூப்போட்ட உறை, கால்குலேட்டருக்குப் பித்தான் வைத்த உறை, நாற்காலியின் முதுகுக்குக் கூட ஓர் உறை. எல்லாம் காஜாக்காவின் கைவரிசை. பித்தானுக்குத் துளை தைக்கும் காஜா வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ரொம்ப நேரம் அசையாம உக்காராதீங்கடி, நமக்கும் ஒண்ணு தைச்சு மாட்டிருவா" என்று மற்றப் பெண்கள் சிரிப்பார்கள்.

கூடத்தின் முதலாளிக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது, அவர் காதில் விழாத பெயர்: சட்டுபுட்டு. எதையும் சட்டுபுட்டென்று முடிக்க வேண்டும் அவருக்கு. பேசும்போதே பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுவார். ஆனால் வெட்டு மேஜைக்கு முன்னால் வந்துவிட்டால் மனிதர் அடியோடு மாறிவிடுவார். துணியை நீவி, மடிப்பைத் தடவி, சாக்குக் கட்டியால் கோடு போட்டு, அதைத் திரும்பவும் சரிபார்த்த பிறகுதான் கத்திரியைத் தொடுவார். அந்த நேரம் யாராவது "ஆச்சா?" என்றால், "துணிகிட்ட போய்க் கேளு" என்பார். நல்ல மனிதர்தான். தன் வேலைக்குக் கொடுக்கிற பொறுமையை அடுத்தவர் வேலைக்குக் கொடுக்கத் தெரியாது, அவ்வளவுதான் அவரிடம் இருந்த குறை.

அவருடைய அக்கா பில் மேஜையில் உட்கார்ந்திருப்பாள். கூடத்தின் முதல் மெஷினை மிதித்தவள் அவள். தம்பியை ஆளாக்கியதும் அந்த மெஷின்தான். முழங்கால் பழுதான பிறகு மேஜைக்கு மாறிக்கொண்டாள். கண் அயரும்போதெல்லாம் பின்னாலிருக்கும் பலகைத் தடுப்பில் தலையைச் சாய்ப்பாள். சாய்த்துச் சாய்த்து அந்தப் பலகையில் தலை எண்ணெயின் கறை வட்டமாகப் படிந்துவிட்டது.

"சுவரெல்லாம் எண்ணெய், பாக்க நல்லாவா இருக்கு?" என்று தம்பி சலித்துக்கொள்வார்.

"அது என் தலகாணிடா. உனக்கென்ன வலிக்குது?" என்பாள்.

ஒரு நாள் காலையில் இன்டர்நெட் ரூட்டர் மாட்ட ஒரு பெண் வந்தாள். தோளில் துளைபோடும் மெஷின் பை, கையில் அட்டைப்பெட்டி. கூடம் இப்போது மாடிக்கும் நீண்டுவிட்டது. ஆர்டர், பில், கேமரா எல்லாமே இன்டர்நெட்டில்தான் ஓடுகின்றன. பழைய சின்ன ரூட்டர் டப்பாவுக்கு மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அதனால் முதலாளி, பெரிய கம்பெனிகளில் வைக்கிற மாதிரி இரும்பு உடம்புள்ள ரூட்டராக வாங்கியிருந்தார். அதற்கான செட்டிங்கை எல்லாம் தன் ஆபீசிலேயே முடித்துக்கொண்டு வந்திருந்தாள் அந்தப் பெண். சுவரில் ஏற்றுவதுதான் பாக்கி.

"எங்க சார் மாட்டணும்?"

"அதோ, அக்கா தலைக்கு மேல கடிகாரம் தொங்குது பாரு, அங்கதான். ஸ்க்ரூ ரெடியா இருக்கு. சட்டுபுட்டுன்னு மாட்டிடு."

அவள் போய் விரல் முட்டியால் தட்டினாள். பலகை பொக்கென்று சத்தம் கொடுத்தது.

"இது வெறும் பலகை சார். கடிகாரத்தைத் தாங்கும். இதைத் தாங்காது. வேணும்னா கையில வாங்கிப் பாருங்க, எவ்வளவு கனம்னு."

அவர் வாங்கிப் பார்க்கவில்லை.

"அந்தச் செங்கல் சுவர்ல மாட்டலாம் சார். உள்ள ஒயர், பைப் ஏதாவது போகுதான்னு பாத்துட்டுத்தான் துளை போடணும். எர்த் ஒயர் இழுக்கணும். இஸ்திரிப் பெட்டி சொருகியிருக்கிற எக்ஸ்டென்ஷன்ல இதையும் சொருகக் கூடாது, தனி பிளக் வேணும். எல்லாம் முடிய சாயங்காலம் ஆயிடும்."

"சாயங்காலமா? நல்லா சொன்னே போ! மத்தியானம் பெரிய பார்ட்டி வீடியோல வர்றாரு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர். மாடி வரைக்கும் சுத்திக் காட்டணும்."

"அப்ப இன்னொரு நாள் காட்டுங்க சார். இந்த இடத்துல நான் மாட்ட மாட்டேன்."

"மாட்ட வந்தவளே மாட்ட மாட்டேங்கிறா! அப்ப எதுக்கும்மா வந்தே? எங்க சுவத்தைத் தட்டிப் பாக்கவா?"

மெஷின்கள் நின்று, சிரிப்புச் சத்தம் கிளம்பியது. அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. அட்டைப்பெட்டியின் மேல் தன் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

"ஏண்டா, அந்தப் பொண்ணு ஏதோ வெவரமாத்தானே சொல்லிச்சு?" என்றாள் அக்கா.

"நீ பில்லைப் பாருக்கா."

அக்காவை நகரச் சொல்லிவிட்டு அவரே மேஜைக்குப் பின்னால் போனார். கடிகாரத்தைக் கழற்றினார். அதே ஸ்க்ரூவோடு இன்னொரு ஸ்க்ரூவை முறுக்கி, ரூட்டரை மாட்டினார். வாயில் பேனா, ஒரு காதில் போன். அந்த லட்சணத்தில் மாட்டியதால் அதன் கனம் அவருக்கு உறைக்கவே இல்லை. இஸ்திரிப் பெட்டியின் எக்ஸ்டென்ஷனிலேயே பிளக்கைச் சொருகினார். பச்சை விளக்குகள் கண் சிமிட்டின.

"பாத்தியா? இதுக்குப் போய் சாயங்காலமாம்!"

அடுத்தது காஜாக்காவின் முறை. புதுச்சாமான், அதுவும் பஞ்சு பறக்கிற கூடத்தில், வெறும் உடம்போடு நிற்கிறதே என்று அவளுக்குத் தாங்கவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தாள். நீலத் துண்டுத் துணியில் கச்சிதமாக ஒரு சட்டை தைத்தாள். விளக்குகள் தெரிய வேண்டுமே என்று அந்தந்த இடத்தில் குட்டிக் குட்டியாகக் காஜா எடுத்தாள். ஆசைக்கு ஒரு காலரும் வைத்தாள். போட்டுவிட்டதும் கூடமே எழுந்து வந்து பார்த்தது.

"பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி இருக்கான்!"

முதலாளிக்கும் பெருமை. ரூட்டரின் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்த காற்றுத் துளைகள் அந்த அழகுச் சட்டைக்குள் அடைபட்டுப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. தையல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. செய்தது முழுக்கப் பாசத்தில்தான். ஆனால் சூடேறும் இரும்புக்குப் பாசம் தெரியுமா?

மத்தியானம் பெரிய பார்ட்டி திரையில் வந்தார். போனைக் கையில் ஏந்தியபடி முதலாளி வெட்டு மேஜையைக் காட்டினார், ஓவர்லாக் மெஷினைக் காட்டினார். மாடிப்படியில் கால் வைக்கும்போது பெரிய பார்ட்டியின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்துவிட்டது. பிறகு அதுவும் போயிற்று.

"என்னாச்சு? யாருடி ஒயரை மிதிச்சது?"

அக்கா உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி, சட்டைக்கு அடியில் தொட்டுப் பார்த்தாள். "டேய், காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி கொதிக்குதுடா."

வேறு வழியில்லாமல் அட்டைப்பெட்டியிலிருந்த நம்பரைக் கூப்பிட்டார். காலையில் அத்தனை பேச்சுப் பேசியிருக்கிறோம், இவள் இரண்டு வார்த்தை குத்தாமல் விடமாட்டாள் என்று பதிலையும் தயாராக வைத்துக்கொண்டார்.

"லைன் போயிடுச்சும்மா! பெட்டி வேற சுடுது. பாதியில..."

"எங்க சார் மாட்டினீங்க?"

"அதே எடத்துலதான்."

"லைன் அப்புறம் சார். அதுக்குக் கீழ யாரு உக்காந்திருக்காங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். அக்கா பலகையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"அக்கா" என்றார். அந்தப் பெண்ணுக்குச் சொன்னாரா, அக்காவைக் கூப்பிட்டாரா, அவருக்கே தெரியவில்லை.

"முதல்ல அவங்களை எழுப்புங்க. மெயின் ஸ்விட்சை அணைச்சிடுங்க. யாரும் தொட வேணாம். பக்கத்துத் தெருவுலதான் வேலையா இருக்கேன், இதோ வந்துட்டேன்."

"எழுந்திரு அக்கா."

"இப்பத்தான்டா காலை நீட்டினேன்."

"எழுந்திருன்னா எழுந்திரு!"

அந்தக் குரலை அக்கா அதுவரை கேட்டதில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். அவர் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் அந்தப் பெண். காலைப் பேச்சைப் பற்றி ஒரு சொல் இல்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். சொருகும் துளையின் ஓரம் கருகிப் பழுப்பேறியிருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தாள். சட்டையை மெதுவாகக் கழற்றினாள்.

"சார், நான் ஸ்க்ரூவைப் பாக்கறேன். பெட்டியை ரெண்டு கையாலயும் தாங்கிக்கங்க."

அவர் தாங்கிக்கொண்டார். முழுக்கனமும் அப்போதுதான் அவர் கைக்கு வந்தது. அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். பலகையிலிருந்த ஸ்க்ரூ, ஊசியிலிருந்து நூல் உருவுவது போல வந்துவிட்டது. பின்னாலேயே பலகைத் தூள் பொலபொலவென்று கொட்டியது.

தூள் விழுந்த இடத்தைப் பார்த்தார். வட்டமான எண்ணெய்க் கறை. நேர் கீழே.

"சார், கீழ வெச்சிடலாம்" என்றாள் அந்தப் பெண். அவர் அசையவில்லை. "சார்?"

அக்காதான் வந்து தம்பியின் முழங்கையைத் தொட்டாள். "குடுடா. ஒண்ணும் ஆகலை. நான் இங்கதானே இருக்கேன்."

பெட்டியை மேஜையில் இறக்கி வைத்தார். அந்தப் பெண் சொன்னாள்: "என் மேலயும் தப்பு இருக்கு சார். கோபத்துல போயிருக்கக் கூடாது. நீங்க எங்கயாவது மாட்டிடுவீங்கன்னு தெரியும். பெட்டியைக் கையோட எடுத்துட்டாவது போயிருக்கணும். பக்கத்துத் தெருவுல கை வேலை பாக்குது, மனசு பூரா இங்கயே இருந்துச்சு."

காஜாக்கா முந்தானையைப் பிசைந்தபடி வந்தாள். "தங்கச்சி, நான்தான் அது மூச்சை அடைச்சிட்டேனா?"

"நல்லாத்தான் தைச்சிருக்கீங்கக்கா. ஆனா இது மூச்சு விடுற சாமான். ரெண்டு பக்கமும் காத்து போக எடம் விடணும். தூசி படிஞ்சா நிறுத்திட்டுத் துடைக்கலாம், மூடக் கூடாது."

முதலாளி போனை எடுத்துப் பெரிய பார்ட்டியைக் கூப்பிட்டார். "சார், மன்னிக்கணும். லைனைச் சரியா மாட்டிட்டு நாளைக்குக் காட்டறேன். இன்னிக்கு அவசரப்படறதா இல்ல."

"யாரு, நீங்களா பேசறீங்க?" என்று அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "சரி, நாளைக்கே ஆகட்டும். எங்க பிள்ளைங்க துணியை அவசரமா தைக்காம இருந்தா சரி."

பிறகு வேலை ஆரம்பித்தது. செங்கல் சுவரில் ஒரு கருவியை நகர்த்தி, உள்ளே ஒயர் ஓடவில்லை என்று தெரிந்துகொண்டாள் அந்தப் பெண். இஸ்திரி ஆவி படாத இடம், யார் தலைக்கும் மேல் வராத இடம், நின்றபடி கைக்கு எட்டும் இடம். அளந்தாள், பென்சிலால் புள்ளி வைத்தாள், மட்டம் பார்த்தாள், திரும்பவும் அளந்தாள். முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். தான் துணியை நீவுகிற அதே விரல்கள், அதே மூச்சடக்கம். துளை போடும்போது தைத்த துணிகளில் தூள் விழாமல் அவரே காகிதத்தை ஏந்திப் பிடித்தார். துளைக்குள் பிளாஸ்டிக் கட்டையை அடித்து, ஸ்க்ரூவை முடுக்கி, ரூட்டரைத் தாங்கும் இரும்புத் தகட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. இருவருமாகப் பெட்டியைத் தூக்கி மாட்டினார்கள். முதலில் பச்சை எர்த் ஒயர். "கரண்ட்டு தப்பான வழியில வந்தா, தொடறவங்க மேல பாயாம மண்ணுக்குப் போறதுக்கு இது" என்றாள். யார் காலிலும் தட்டாதபடி மற்ற ஒயர்களைச் சேர்த்துக் கட்டினாள். தனி பிளக்கில் கரண்ட்டு கொடுத்தது கடைசியில்தான்.

இடையில் காஜாக்கா பொறுக்க மாட்டாமல், "ஆச்சா?" என்று கேட்டுவிட்டாள்.

"சுவத்துகிட்ட போய்க் கேளு" என்றார் முதலாளி. கூடமே கொல்லென்று சிரித்தது.

பச்சை விளக்குகள் எரிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பலகைத் தடுப்பில் கடிகாரத்தைத் திரும்ப மாட்டப் போனவர், கொஞ்சம் யோசித்து, அதையும் இன்னொரு சுவரில் மாட்டினார். அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து, வட்டக் கறையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கிளம்பும்போது காஜாக்கா ஓடிவந்து ஒரு பையை நீட்டினாள். காலையில் தைத்த நீலச் சட்டையைப் பிரித்து, துளைபோடும் மெஷினின் அளவுக்குத் திருத்தித் தைத்திருந்தாள். காலர் மட்டும் அப்படியே இருந்தது. "வேலை முடிஞ்சு அது ஆறினப்புறம் போட்டுவிடு தங்கச்சி. சூடா இருக்கும்போது போட்டுடாதே. எனக்கும் இப்பத் தெரியும்."

முதலாளி எல்லார் முன்னாலும் கை கூப்பினார். "ரொம்ப நன்றிம்மா."

அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. "என்ன சார் இது! ஒண்ணுமே நடக்கலையே?"

"அந்த ஒண்ணும் நடக்காததுக்குத்தாம்மா நன்றி" என்றார். சட்டுபுட்டென்று முடிக்கிறவர் அன்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அடிபட்டப்புறம் ஓடி வந்து தூக்கினவங்களைச் சாமின்னு சொல்றோம். அடியே படாம பாத்துக்கறவங்களை, நேரம் ஆக்கறேன்னு சொல்லித் துரத்தறோம். நானும் இன்னிக்கு அதைத்தான் செஞ்சேன். இனிமே இந்தக் கூடத்துல, பத்திரமா வேலை செய்யறவங்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். அவங்க கேக்கற நேரம் நம்ம வீட்டு ஆளோட உசுருக்குடா!"

கடைசிச் சொல்லை அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.